ஜப்பானில் பழைய ஸ்கைலைன் வாங்கி அமெரிக்காவுக்கு கொண்டு போகணுமா? ஒரு மாதம் தப்பினாலும் சிக்கல்தான்!

'2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காருக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. 1999 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரான இந்த காரை நிசான் அமெரிக்காவில் விற்கவே இல்லை. அதனால் அங்குள்ள ரசிகர்கள் ஜப்பானில் செகண்ட் ஹேண்டில் வாங்கி கப்பலில் வரவழைக்கிறார்கள். ஆனால் பணம் இருந்தால் மட்டும் போதாது. பேப்பர் சரியில்லைன்னா கார் துறைமுகத்தைத் தாண்டாது.

25 ஆண்டு விதி என்றால் என்ன?

அமெரிக்க பாதுகாப்பு தரத்துக்கு ஏற்ப தயாரிக்கப்படாத காரை சாதாரணமாக அங்கே இறக்குமதி செய்ய முடியாது. தயாரித்து 25 ஆண்டுகள் ஆன கார்களுக்கு இதில் விலக்கு உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இது 'எந்த வருஷ மாடல்' என்ற கணக்கு அல்ல. தயாரான மாதமும் பார்க்கப்படும். 2002 ஆகஸ்டில் தயாரான காருக்கு 2027 ஆகஸ்டில்தான் வழி திறக்கும்.

தேதியை எப்படி நிரூபிப்பது?

ஜப்பான் கார்கள் பலவற்றில் தயாரிப்பு தேதி பொறிக்கப்பட்டிருக்காது. அப்போது 25 ஆண்டுகளுக்கு முன்பே கார் விற்கப்பட்டதைக் காட்டும் இன்வாய்ஸ் அல்லது பதிவு செய்யப்பட்டதைக் காட்டும் ஆவணம் தேவை. காரிலுள்ள சேசிஸ் நம்பரும் பேப்பரில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜப்பானில் என்ன ஆவணங்கள்?

முதலில் காரின் ஜப்பான் பதிவை ரத்து செய்து, ஏற்றுமதி சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்கு நம்ம ஊர் ஆர்சி போன்ற வாகன ஆய்வுச் சான்றிதழும், உரிமையாளரின் முத்திரைச் சான்றும் வேண்டும். அங்கே கையெழுத்துக்குப் பதிலாக 'இன்கான்' எனும் பதிவு செய்த முத்திரைதான் செல்லும். ஏற்றுமதி சான்றிதழ் ஜப்பானிய மொழியில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவசியம். கூடவே விற்பனை இன்வாய்ஸ், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்.

அமெரிக்காவில் என்ன?

பாதுகாப்பு விதிக்கு எச்எஸ்-7 படிவம், மாசு விதிக்கு 3520-1 படிவம், சுங்கத்துக்கு 7501 படிவம். மாசு விலக்குக்கு 21 ஆண்டுகள் ஆகியிருந்தால் போதும். ஆனால் என்ஜின் அசல் நிலையில் இருக்க வேண்டும். என்ஜினை மாற்றிய கார் என்றால் இங்கே மாட்டிக்கொள்ளலாம். கன்டெய்னரில் அனுப்பினால், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரத்தை சுங்கத்துறைக்கு தெரிவிக்க வேண்டும்.

துறைமுகத்தைத் தாண்டினால் முடிஞ்சுதா?

இல்லை. சாலையில் ஓட்ட, மாநில அரசிடம் 'டைட்டில்' எனும் உரிமைப் பத்திரமும் பதிவும் வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் மாசு விதி மிகக் கடுமை.

பேப்பர் தப்பானால்?

விதிக்கு உட்படாத காரை திருப்பி அனுப்ப வேண்டும். இல்லைன்னா அழிக்க வேண்டும். ரெண்டுமே வாங்கியவர் தலையில்தான் விழும்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, சேசிஸ் நம்பரும் முதல் பதிவு மாதமும் தெரியும்படி ஆவணத்தின் நகலை கேட்டு வாங்குவது நல்லது. அதைத் தர விற்பவர் தயங்கினால், அந்த கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.