எலாஸ்டிக்கில் கோத்த சென்னபட்டணா

பெங்களூரில் மைசூரு பஸ் ஏறினால் ராமநகரைத் தாண்டி, மத்தூர் வடைக்கு வயிறு தயாராகும் முன்பே சென்னபட்டணா வந்துவிடும். சுமார் 60 கிலோமீட்டர். சாலையோரக் கடைகளில் மரக்குதிரையும் நடைவண்டியும் வரிசை கட்டி நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மைகளைத் தெரியாதவர் குறைவு. அதே பட்டறைகளில் கடையும் மணிகளுக்கு அவ்வளவு பேர் இல்லை. ஆனால் பெங்களூர்ப் பெண்பிள்ளைகள் கையில் போட்டிருக்கும் பல வண்ண மர பிரேஸ்லெட்டின் மூலச்சரக்கு அதுதான்.

மணிக்கான மரத்தைக் கன்னடத்தில் ஆலெ மரம் என்பார்கள். நம்மூரில் இலையை எண்ணெயில் ஊறவைத்துத் தோல் நோய்க்குப் பூசுகிறோமே, அந்த வெட்பாலை. வெளுப்பான, கடைவதற்கு இணங்கிப் போகிற மரம். நன்றாகக் காய்ந்த கட்டையை லேத்தில் மாட்டி உளியால் உருண்டை பிடிப்பார்கள். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை மேலே அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படிந்துவிடும். அடுப்பும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். அதன்மேல் காய்ந்த தாழை ஓலையை அழுத்திப் பிடிக்க, திட்டுத்திட்டாக இருந்த நிறம் ஒரே சீராகப் பரவிப் பளபளக்கும். வேடிக்கை பார்க்கிறவருக்கு இந்தக் கடைசிக் கட்டம்தான் விருந்து.

அரக்கு மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். தண்ணீர் பட்டால் உடனே போகாது, ஆனால் ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மேசைக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தான். ஆகவே சானிடைசர் தடவிய ஈரக் கையோடு இந்த மணிகளைத் தொட்டால் பளபளப்பு மங்கும். கடைக்காரர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

இனி கயிறு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றைக் கோத்த நூல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. எலாஸ்டிக் பிரேஸ்லெட்டிலும் கதை அதுவே, ஆண்டுக்கணக்குதான் வேறு. முதலில் போவது கயிறு. அதனால் கவனமும் அங்கேதான் தேவை.

சிக்பேட்டை, மாமூல்பேட்டைச் சந்துகளில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகை தருவார்கள். ஒன்று, தூண்டில் நரம்பு போல ஒற்றை இழையாகக் கண்ணாடி நிறத்தில் இருப்பது. இன்னொன்று, மெல்லிய இழைகள் பல சேர்ந்து தட்டையாக இருப்பது. இரண்டுமே பாலியூரிதேன் குடும்பம். தட்டை வகையின் இழை ஸ்பான்டெக்ஸ். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கியது. இதன் மூலக்கூறுச் சங்கிலியில் சுருண்டு கிடக்கும் மெத்தென்ற பகுதிகளும், ஒன்றையொன்று இறுகப் பற்றும் கெட்டியான பகுதிகளும் மாறி மாறி வரும். இழுத்தால் சுருள் விரிகிறது. கெட்டிப் பகுதிகள் பிடியை விடாததால், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. தொடர்ந்து இழுவையில் இருந்தால் அந்தப் பிடியும் கொஞ்சம் நழுவிக் கயிறு நிரந்தரமாக நீண்டுபோகும். கோப்பதற்கு முன்பே கயிற்றை நான்கைந்து முறை நன்றாக இழுத்துவிடச் சொல்வது இதற்காகத்தான். நீள வேண்டியது முன்னாடியே நீண்டுவிட்டால் பிறகு மணிகளுக்கு நடுவே இடைவெளி விழாது.

அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மணிக்கட்டு 16 சென்டிமீட்டர் என்றால் 16 சென்டிமீட்டருக்கு மணி கோத்தால் போதாது. கயிறு மணியின் நடுவில் ஓடுகிறது. கையைத் தொடுவதோ மணியின் உட்புறம். வட்டத்தின் உட்சுற்றளவு, கயிற்று நீளத்தைவிட மணியின் விட்டத்தைப்போல் 3.14 மடங்கு குறையும். 8 மில்லிமீட்டர் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். ஆக 18.5 சென்டிமீட்டர், அதாவது 23 மணி. 12 மில்லிமீட்டர் மணி என்றால் இன்னும் கூட்ட வேண்டும்.

எடையையும் பார்க்க வேண்டும். 8 மில்லிமீட்டரில் 23 அகேட் கல்மணிகள் 16 கிராம் வரும். மரமணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மரத்துக்கு மெல்லிய கயிறே தாங்கும். கல்லில் வேறொரு தொல்லையும் உண்டு. குஜராத்தின் கம்பாத் போன்ற ஊர்களில் கல்மணியை இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சந்திப்பில் விளிம்பு கூராக நின்றால் கயிற்றை நாளும் கொஞ்சம் அரிக்கும். எலாஸ்டிக் கல் பிரேஸ்லெட் காரணமே இல்லாமல் அறுந்ததாகச் சொன்னால் நான் துளையைத்தான் சந்தேகப்படுவேன்.

முடிச்சுக்கு வருவோம். சாதாரண முடிச்சு வழுக்கும் கயிற்றில் நிற்காது. அறுவைச் சிகிச்சையில் தையல் போடும் மருத்துவர்களின் முடிச்சு இதற்குச் சரி. முதல் சுற்றில் ஒரு முனையை மற்றதன்மேல் ஒருமுறைக்கு இருமுறை சுற்ற வேண்டும். அந்தக் கூடுதல் உராய்வு, அடுத்த சுற்றுப் போடும்வரை பிடியைத் தளரவிடாது. இரண்டாவது சுற்றை எதிர்த் திசையில் போட வேண்டும். முதலில் வலது முனை இடதின்மேல் போனால் அடுத்து இடது முனை வலதின்மேல். இரண்டும் ஒரே திசையில் போனால் முடிச்சு உருண்டு அவிழும். கயிற்றைச் சற்று இழுத்தபடியே போடுவது மேல். இரு மடங்கு நீளும்போது கயிற்றின் தடிமன் முக்கால் பங்குக்கும் கீழே போய்விடும். விட்டதும் பழையபடி பருத்து முடிச்சைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

முடிச்சின்மேல் சூப்பர் குளூ சொட்டுவது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பசை காய்ந்து கண்ணாடிபோல் விறைக்கும், நீளும் கயிறு அந்த விறைப்பின் ஓரத்திலேயே முறியும். காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கிற நகைப்பசை ஒரு பொட்டு போதும். பிறகு முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்துவிடலாம். சென்னபட்டணா மணியின் துளை தாராளமானது, சுலபமாக உள்ளே போய்விடும்.

கையில் போடும்போது பிரேஸ்லெட்டை ஒரே இடத்தில் பிடித்து இழுக்காமல் விரல்களைக் குவித்து உருட்டி ஏற்றினால் கயிறு அதிக நாள் உழைக்கும். மணிகளுக்கு நடுவே கயிறு தெரியத் தொடங்கினாலோ, தெளிவாக இருந்த கயிறு வெளுத்துப் பூத்தாலோ அதற்குமேல் நம்ப வேண்டாம். புதுக் கயிற்றில் மறுபடி கோக்க அரை மணி நேரம் போதும். மெட்ரோ நெரிசலில் அறுந்து சிதறினால் 23 மணிகளையும் பொறுக்கி எடுப்பது நடக்கிற காரியமில்லை.