கருவிக்குக் கேட்காத இரைச்சல்

வெளியே எந்த ஓசையும் இல்லாதபோதும் காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருப்பதை மருத்துவத்தில் ‘டின்னிடஸ்’ என்பார்கள். ஒருவருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். இன்னொருவருக்குக் குக்கரில் ஆவி சீறும் சத்தம். பகலில் மற்ற ஓசைகளோடு கலந்து அமுங்கிக் கிடக்கும். ஊர் அடங்கியதும் தலைதூக்கும். அமெரிக்காவில் படைப்பணியால் வந்த உடற்குறைக்கு அரசின் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் இழப்பீடு தருகிறது. அப்படி இழப்பீடு பெறும் குறைகளில், எண்ணிக்கையில் முதலிடம் இந்தக் காதிரைச்சலுக்குத்தான். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் இதற்காகத் தொகை பெறுகிறார்கள்.

உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பேரொலியில் சிதைந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் சேதி குறைந்ததும் மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. அந்த மிகைத் தூண்டலே இரைச்சலாகக் கேட்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 85 டெசிபல் ஒலியில் நாள்தோறும் 8 மணி நேரம் இருந்தாலே காதுக்குக் கேடு. ராணுவத் துப்பாக்கி ஒருமுறை வெடிக்கும்போதே ஒலி 150 டெசிபலைத் தாண்டும். பீரங்கி, ஹெலிகாப்டர், கப்பலின் இன்ஜின் அறை என்று காதைப் பதம்பார்க்கும் இடங்கள் படையில் ஏராளம்.

இந்த இரைச்சல் பெரும்பாலும் நோயாளி ஒருவருக்கு மட்டுமே கேட்கும். செவித்திறன் சோதனை எவ்வளவு மெல்லிய ஒலிவரை காதில் விழுகிறது என்று காட்டும். இல்லாத ஒலி கேட்கிறதா என்று காட்டாது. ஆகவே நோயாளியின் வாய்ச்சொல்லே முதல் சாட்சியமாகிறது. 2002-ல் சார்லஸ் எதிர் பிரின்சிபி வழக்கில், படைவீரர் வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. காதிரைச்சல் இருப்பதைச் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை, அனுபவிப்பவர் சொன்னாலே போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் நோய் இருப்பது மட்டும் போதாது. இப்போது குறை இருக்கிறது, பணிக்காலத்தில் அதற்கான நிகழ்வு நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற மூன்றும் நிலைநாட்டப்பட வேண்டும். இரண்டாவதற்குத் துறையிடமே ஒரு பட்டியல் உண்டு. எந்தப் படைவேலையில் இரைச்சல் எவ்வளவு என்று அதில் தரம் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவதில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆம், இல்லை இரண்டுக்கும் சான்று சரிக்குச் சரியாக இருந்தால் முடிவு வீரர் பக்கமே சாயவேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் நிற்பதும் விழுவதும் துறை ஏற்பாடு செய்யும் பரிசோதனையில்தான். ஒலிபுகா அறையில் ஹெட்போன் மாட்டிச் சோதித்த பின், செவித்திறன் நிபுணர் “எப்போதிலிருந்து கேட்கிறது?” என்று கேட்பார். “ரொம்ப வருஷமாகவே” என்று பதில் வந்தால், தொடக்கம் தெரியவில்லை என்று குறிப்பில் ஏறிவிடலாம். “பீரங்கிப் பயிற்சியின்போது தொடங்கியது, அன்றிலிருந்து விட்டதே இல்லை” என்பதும் அதே கேள்விக்கான பதில்தான். ஆனால் அது பணியையும் நோயையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உடன் பணியாற்றியவரோ மனைவியோ எழுதித் தரும் வாக்குமூலமும் இங்கே கைகொடுக்கும்.

மனு ஏற்கப்பட்டால் கிடைக்கும் தரமதிப்பீடு 10 சதவீதம். ஒரு காதில் கேட்டாலும், இரண்டிலும் கேட்டாலும், தலைக்குள் கேட்டாலும் அதே அளவுதான். காதுக்குப் பத்தாக இருபது வேண்டும் என்ற வாதத்தை ஸ்மித் எதிர் நிக்கல்சன் வழக்கில் 2006-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025-ன் கணக்குப்படி 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர்; வரி கிடையாது. வேறு குறைகளோடு சேரும்போது இதன் பலன் கூடும். ஏற்கெனவே 50 சதவீதம் உள்ளவருக்கு மீதமுள்ள 50-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5, சேர்ந்து 55 ஆகும். அதை 60 என்று முழுமையாக்குவார்கள். காதிரைச்சலால் மனச்சோர்வு போன்ற வேறொரு நோய் வந்தது என்று மருத்துவக் கருத்தோடு காட்டினால் அதற்குத் தனி மதிப்பீடு உண்டு.

மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் மூன்று: பணிக்கால மருத்துவ ஏட்டில் புகார் இல்லை, விலகும்போது செவித்திறன் சரியாக இருந்தது, புகார் எழுந்தது பல ஆண்டுகள் கழித்து. ஏட்டில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வீரரின் சொல்லை நம்பத்தகாததென்று தள்ளக் கூடாது என்று 2006-ல் புக்கானன் வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. இரைச்சலால் நரம்புக்குச் சேதம் நேர்ந்திருந்தால் காதிரைச்சலை நாட்பட்ட நோயாகக் கொள்ளலாம் என்று 2015-ல் ஃபவுண்டன் வழக்கில் தீர்ப்பானது. அப்போது அறிகுறி பணிக்காலம் தொட்டு விடாமல் தொடர்வதைக் காட்டினாலே தொடர்பு நிலைநாட்டப்படும்.

மறுப்புக்குப் பின் 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. புதிய, பொருத்தமான சான்று இருந்தால் துணைமனு போடலாம். இருக்கும் சான்றையே அதிகாரி தவறாக எடைபோட்டார் என்றால் மூத்த அதிகாரியின் மறுபார்வையைக் கேட்கலாம். அங்கே புதிய சான்று சேர்க்க முடியாது. மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம். விரும்பினால் நீதிபதி முன் நேரில் பேசலாம். முடிவு வந்த ஓராண்டுக்குள் அடுத்த படியை எடுத்தால், முதல் மனுவின் தேதியிலிருந்தே நிலுவைத் தொகை கணக்காகும். தாமதித்தால் துணைமனு போடலாம்; பழைய தேதி பொதுவாகப் போய்விடும். வாரியமும் மறுத்தால் 120 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். படைவீரர் சங்கங்கள் இந்த வேலையை இலவசமாகச் செய்து தருகின்றன. வழக்கறிஞர்கள் முதல் மனுவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மேல்முறையீட்டில் வென்றால் நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை நியாயமான கட்டணமாகக் கருதப்படுகிறது.

2022 பிப்ரவரியில் துறை ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. காதிரைச்சலுக்குத் தனி மதிப்பீடு தருவதை நிறுத்தி, செவித்திறன் குறைவு போன்ற மூலநோயின் அறிகுறியாகவே அதைக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஏற்கெனவே தொகை பெறுவோருக்கு அதனால் குறையாது. ஆனால் செவித்திறன் சோதனையில் குறையேதும் காட்டாமல், காதில் இரைச்சல் மட்டும் உள்ள புதிய மனுதாரருக்கு அது கதவடைப்பாக முடியும் என்று சங்கங்கள் கவலை தெரிவித்தன.