அந்தமான், லட்சத்தீவு போறீங்களா? ஸ்நோர்கெலிங் ஃபின்ஸ் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவில் ஸ்நோர்கெலிங் செய்த படங்கள் வெளியானதும், 'நாமும் ஒரு தடவை போயிட்டு வரலாமே' என்ற ஆசை பலருக்கும் வந்தது. மாஸ்க் வாங்கும்போது காட்டும் அக்கறையை, காலில் மாட்டும் ஃபின்ஸில் பலர் காட்டுவதில்லை. கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போன பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால்தான் அதன் அருமை புரியும்.

ஃபின்ஸ் எதுக்கு?

தண்ணீர், காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வெறும் காலால் உதைத்தால் அதிகம் நகர முடியாது. வாத்தின் கால் போல அகலமான பிளேடு இருந்தால், ஒவ்வொரு உதைக்கும் கூடுதல் தண்ணீர் பின்னால் தள்ளப்படும். நீரோட்டம் இழுக்கும்போது கரைக்கோ படகுக்கோ திரும்ப இதுதான் கைகொடுக்கும்.

எத்தனை வகை?

முக்கியமாக இரண்டு.

ஃபுல் ஃபுட்: ஷூ மாதிரி குதிகாலையும் மூடியிருக்கும். வெறுங்காலில் மாட்டலாம். எடை குறைவு.

ஓபன் ஹீல்: குதிகால் பக்கம் திறந்திருக்கும், பட்டை போட்டு இறுக்க வேண்டும். உள்ளே பூட்டி எனப்படும் ரப்பர் காலணி போடுவது வழக்கம்.

நம்ம கடலுக்கு எது சரி?

அந்தமான் கடலில் தண்ணீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குளிருக்காகக் காலை மூட வேண்டியதில்லை. எனவே ஸ்நோர்கெலிங், படகிலிருந்து இறங்கும் டைவிங் இரண்டுக்கும் ஃபுல் ஃபுட் போதும். கல்லும் உடைந்த பவளமும் கிடக்கும் கரையில் நடந்து இறங்குவதாக இருந்தால், பூட்டியோடு ஓபன் ஹீல் பாதுகாப்பானது.

சைஸ் பார்ப்பது எப்படி?

ஃபின்ஸில் பெரும்பாலும் ஐரோப்பிய அளவுதான் போட்டிருக்கும். நம்ம ஊர் 8-ம் நம்பர் என்றால் சுமார் 42. பல மாடல்கள் 42-43 என இரண்டு அளவுகளைச் சேர்த்தே வருவதால், போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

மாட்டிக்கொண்டு காலை உதறிப் பாருங்கள். குதிகால் நழுவினால் பெரிசு. கொப்புளம் வரும், கடலில் கழன்றும் போகும். விரல்கள் மடங்கினாலோ, பாதம் மரத்தாலோ சின்னது. இறுக்கமான ஃபின்ஸ் தசைப்பிடிப்புக்கு வழி வகுக்கும். பூட்டி போடுவதாக இருந்தால் அதைப் போட்டே சைஸ் பாருங்கள்.

நீளமா இருந்தா நல்லதா?

அப்படி இல்லை. நீளமான, விறைப்பான பிளேடு வேகம் தரும். ஆனால் பழக்கமில்லாத கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். மிகக் குட்டையான பிளேடு பெட்டியில் அடங்கும், நீரோட்டத்தில் திணறும். புதியவர்களுக்கு நடுத்தர நீளமும், ஓரளவு வளையும் தன்மையும் உள்ளதே ஏற்றது.

இதையும் மறக்காதீங்க

* ஃபின்ஸோடு மணலில் முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். தண்ணீருக்குள் போய் மாட்டுங்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் பின்னோக்கி நடங்கள்.

* முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பது போல உதைக்காமல், இடுப்பிலிருந்து மெதுவாக உதையுங்கள்.

* கெண்டைக்கால் இழுத்தால் பதறாமல் மிதந்தபடி, ஃபின்ஸின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துக் காலை நீட்டுங்கள்.

* பவளத்தின் மேல் நிற்காதீர்கள், உதைக்காதீர்கள். அது உயிருள்ளது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது.

* ஃபின்ஸ், லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்று அல்ல. நீச்சல் தெரியாதவர்கள் இரண்டையும் போட்டு, வழிகாட்டியுடன் மட்டுமே இறங்க வேண்டும்.

வாங்கித்தான் ஆகணுமா?

முதல் பயணம் என்றால் அவசியமில்லை. பெரும்பாலான டைவிங் மையங்களில் ஃபின்ஸ் கொடுப்பார்கள். அங்கே இரண்டு மூன்று ஜோடி மாட்டிப் பார்த்து, உங்கள் காலுக்கு ஒத்து வருவது எது எனத் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கடி போவீர்கள் என்றால் பிறகு சொந்தமாக வாங்கலாம். வாடகைக்கு எடுத்தாலும் சைஸ் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள். நடுக்கடலில் அதை மாற்ற முடியாது!