உங்களுக்குத் தெரியுமா? வரிப் புத்தகத்தில் ஒரு பால் இனிப்பு

● மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்தில் சமோரா என்றொரு ஊர். ‘சோங்கோஸ் சமோரானோஸ்’ என்ற பால் இனிப்பு அந்த ஊர்ப் பெயரோடுதான் நாடெங்கும் அறியப்படுகிறது. பாலில் ரென்னெட் சேர்த்து உறையவைப்பார்கள். கட்டியானதும் துண்டு போட்டு, சர்க்கரையும் பட்டையும் சேர்த்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். ரசகுல்லா பாகில் கிடப்பதுபோல, திரிந்த பாலின் தெளிநீரிலேயே கட்டிகள் ஊறிக் கிடக்கும். காலனி ஆட்சிக் காலக் கன்னிமாடங்களில் பிறந்த பண்டம் என்று சொல்லப்படுகிறது.

● இந்த இனிப்புக்கு அமெரிக்க இறக்குமதி வரிப் பட்டியலில் தனி இடம் உண்டு. 0406.10 என்ற எண்ணுக்கு உரியவை பதப்படுத்தி முதிரவைக்காத புதுப் பாலாடைக்கட்டியும் பால்திரட்டும். அதன் கீழ் முதலில் நிற்கும் பெயரே ‘சோங்கோஸ்’. உலகப் புகழ் பெற்ற செடாரும் கௌடாவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன!

● அந்த எண்ணை எப்படிப் படிப்பது? 04 என்பது பால், முட்டை, தேன் போன்றவற்றின் அத்தியாயம். 06 பாலாடைக்கட்டி. 10 அதில் புதியது. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பின் இந்த முறை 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கம் எல்லோருக்கும் பொது. அதற்குமேல் அமெரிக்கா பத்து வரை நீட்டுகிறது, இந்தியா எட்டோடு நிறுத்துகிறது. நம் பனீரும் 0406-தான்.

● சோங்கோஸுக்கு எவ்வளவு வரி? சலுகை ஒப்பந்தம் எதுவும் பொருந்தாவிட்டால் இரண்டு கணக்கு. ஆண்டு ஒதுக்கீட்டு அளவுக்குள், விவசாயத் துறையின் உரிமத்தோடு வந்தால் மதிப்பில் 10 சதவீதம். அதற்கு வெளியே வந்தால் கிலோவுக்கு 1.509 டாலர். இரண்டாவது கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அங்கே விலை பார்ப்பதில்லை, எடை மட்டுமே பார்க்கிறார்கள். கிலோ 10 டாலர் சரக்குக்கு அது ஏறக்குறைய 15 சதவீதம். கிலோ 3 டாலர் சரக்குக்கு 50 சதவீதம்! எளியவர் வாங்கும் மலிவான பண்டத்தின் மேல்தான் பாரம் அதிகம் விழுகிறது. எடையை வைத்துப் போடும் உணவு வரிகள் எல்லாவற்றிலும் இந்த அநியாயம் இருக்கிறது. சதவீதக் கணக்கே நேர்மையானது.

● முன்பு அமெரிக்கா பாலாடைக்கட்டிக்கு ‘இவ்வளவுதான் உள்ளே வரலாம்’ என்று நேரடியாக உச்சவரம்பு போட்டிருந்தது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அந்த வரம்பு இரட்டை வரியாக உருமாறியது. பெயருக்குக் கதவு திறந்தது. ஆனால் ஒதுக்கீடு தாண்டியவர்களுக்கு அது இன்னும் பாதி மூடியேதான் இருக்கிறது.

● பசும்பாலா, ஆட்டுப்பாலா என்பதும் கேள்வி! பசும்பால் துளியும் சேராத புதுப் பாலாடைக்கட்டிக்கு ஒதுக்கீட்டுத் தொல்லை இல்லை, வரி 8.5 சதவீதம். அமெரிக்கப் பண்ணைகளின் பிழைப்பு பசுக்களை நம்பி இருப்பதால் காவலும் பசுவுக்குத்தான். மெக்சிகோவின் செலாயா நகரத்தின் புகழ்பெற்ற ஆட்டுப்பால் இனிப்பான காஹேட்டாவையும் அதே பட்டியல், வேறோர் அத்தியாயத்தில், ‘பசும்பாலில் செய்யாதது’ என்று குறிப்பிட்டே பெயர் சொல்கிறது.

● மிளகு, மூலிகை, பழம், கொட்டை, மீன், ஏன் இறைச்சித் துண்டு கலந்தாலும், பாலாடைக்கட்டியின் தன்மை மாறாத வரை அது 0406-தான். ரொட்டித்தூள் பூசிப் பொரித்தாலும் அப்படியே.

● தெளிநீரைச் சுண்டக் காய்ச்சி, பாலோ பால்கொழுப்போ சேர்த்துச் செய்யும் கட்டியும் பாலாடைக்கட்டியாகலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள்: உலர்பொருள் 70 முதல் 85 சதவீதம், அந்த உலர்பொருளில் பால்கொழுப்பு குறைந்தது 5 சதவீதம், அச்சில் வார்க்கும் பதம்.

● உங்கள் சரக்கு எந்த எண்ணில் வரும் என்று குழப்பமா? கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கச் சுங்கத் துறைக்கு எழுதிக் கேட்கலாம். என்னென்ன சேர்த்தது, எப்படிச் செய்தது என்று விவரம் கொடுத்தால் எழுத்தில் தீர்ப்பு வரும். அது துறையையும் கட்டுப்படுத்தும். அந்தத் தீர்ப்புகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சிறு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தச் சுங்கத் துறையும் செய்துவிட முடியாது.

● மெக்சிகோவின் சொந்தப் பாலில் செய்த சோங்கோஸுக்கு இந்த வரி, ஒதுக்கீட்டுத் தலைவலி கிடையாது. 1994-இல் தொடங்கிய வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் படிப்படியாக வரியைக் குறைத்து, 2008-இல் அமெரிக்க-மெக்சிகோ விவசாய வர்த்தகத்தின் கடைசித் தீர்வைகளையும் நீக்கியது. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய ஒப்பந்தம் அந்தச் சலுகையைத் தொடர்ந்தது. ஆனால் நியூசிலாந்துப் பால்பொடியைக் கரைத்து அதே இனிப்பை அதே சமோராவில் செய்தால், சலுகை போய்விடும். பால்பொடியும் பால்திரட்டும் ஒரே நான்காம் அத்தியாயம். அத்தியாயம் மாறாத மாற்றத்தை ஒப்பந்தம் ஏற்பதில்லை. கறந்தது எந்த நாட்டு மாடு என்பதற்கான சான்று இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும்.