பனியும் இருளும் பேசும் தொடர்கள்

வட ஐரோப்பிய நாடுகளில் உருவாகும் இருண்ட சாயல் கொண்ட குற்றக் கதைகளை ‘நார்டிக் நுவார்’ என்பார்கள். மழையும் பனியும் மங்கிய பகல் வெளிச்சமும் இவற்றில் கதையோடு சேர்ந்தே நகரும்.

2007இல் டென்மார்க்கில் ஒளிபரப்பான ‘தி கில்லிங்’ தொடரின் முதல் பருவத்தில் 20 பகுதிகள். ஒரே கொலை வழக்கு. ஒரு பகுதிக்கு ஒரு நாள் விசாரணை. மகளைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்துக்கும் இதில் நிறைய இடம் உண்டு. துப்பறியும் சாரா லண்ட் அணிந்துவரும் கம்பளி ஸ்வெட்டர்கூட ரசிகர்களிடையே பெயர் பெற்றது.

2011இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ்’, சுவீடனையும் டென்மார்க்கையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தின் நட்டநடுவே தொடங்குகிறது. எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம்; இடுப்புக்கு மேல் ஒருத்தி, கீழே இன்னொருத்தி! வழக்கு இரு நாட்டுப் போலீசாருக்கும் பொதுவாகிறது.

இதே பாணியில் 2013இல் வேல்ஸில் உருவான தொடர் ‘ஹின்டர்லேண்ட்’. அபெரிஸ்டுவித் என்ற கடற்கரை ஊரும் அதைச் சுற்றியுள்ள ஆளரவமற்ற மலைப்பகுதியும் இதன் களம். வெல்ஷ் மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என இதன் காட்சிகள் இருமுறை படமாக்கப்பட்டன.