காலால் அழுத்தினால் ஒலி ஏறுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடகர் பல்லவியை முடித்துவிட்டு மைக்கை விட்டுச் சற்று விலகி நிற்பார். இடையிசை தொடங்கும். கிட்டார் வாசிப்பவர் தரையில் கிடக்கும் ஒரு பெட்டியைக் காலால் ஒரு மிதி மிதிப்பார். அதுவரை கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் பின்னால் பதுங்கியிருந்த கிட்டார் ஒலி முன்னே வந்து நிற்கும்.

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவருக்கு இந்த மிதி பலிக்கவில்லை. “சார், பூஸ்டை அழுத்தினா சத்தம் ஏறவே இல்லை, கரகரப்புதான் கூடுது. அம்மா கச்சேரிக்கு வந்திருந்தாங்க. முடிஞ்சதும், ‘நீ எப்படா வாசிச்சே?’ன்னு கேட்டுட்டாங்க” என்றார். பெட்டி பழுது என்று எண்ணி விற்றுவிடவும் நினைத்திருந்தார். “நாளைக்கு அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வா” என்றேன்.

பெட்டியில் பழுது ஏதுமில்லை. பழுது இருந்தது பெருக்கல் செய்யப்பட்ட இடத்தில். அது எப்படி என்று பார்ப்போமா?

கம்பி எண்ணாகிறது

மின் கிட்டாரின் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதற்குப் பிக்-அப் என்று பெயர். கம்பி அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. மின் மாண்டலினைக் கருநாடக இசை மேடையில் ஏற்றிய யு. ஸ்ரீநிவாஸின் (1969-2014) கருவியிலும் இதே தத்துவம்தான் வேலை செய்தது.

இந்தச் சிறிய மின்னழுத்தம் டிஜிட்டல் கிட்டார் பிராசசருக்குள் நுழைகிறது. அங்கே அது ஒரு வினாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. அதன் பிறகு பெட்டிக்குள் நடப்பதெல்லாம் கணக்குத்தான். கரகரப்பூட்டும் டிஸ்டார்ஷன், எதிரொலி தரும் டிலே, ஒலியை உயர்த்தும் பூஸ்ட் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம் உண்டு. எண்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வரிசையாகச் செல்கின்றன. கடைசியில் மீண்டும் மின்னழுத்தமாக மாறி ஆம்பிளிபயருக்குப் போகின்றன.

பூஸ்ட் என்பது இவற்றுள் மிக எளிய கணக்கு. வரும் எண் ஒவ்வொன்றையும் ஒரு மாறிலியால் பெருக்கினால் போதும். எவ்வளவு பெருக்குகிறோம் என்பதை டெசிபெல்லில் குறிப்பார்கள். மின்னழுத்த விகிதத்தின் மடக்கையை 20-ஆல் பெருக்கினால் டெசிபெல் கிடைக்கும். மின்னழுத்தம் 2 மடங்கானால்,

20 × மடக்கை 2 = 20 × 0.3010 = 6.02

ஆகவே ‘6 டெசிபெல் பூஸ்ட்’ என்றால், ஏறத்தாழ 2-ஆல் பெருக்கு என்று பொருள்.

அலைநோக்கி காட்டிய உண்மை

ஆய்வுக்கூடத்தில் கிட்டாருக்குப் பதிலாக ஓர் ஆடியோ ஆசிலேட்டரிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் பெட்டிக்குள் செலுத்தினோம். வெளிவரும் அலையை அலைநோக்கியின் திரையில் பார்த்தோம். டிஸ்டார்ஷன் கட்டத்தைக் கடந்து வந்த அலையின் உச்சி, மழுங்கித் தட்டையாக இருந்தது. பூஸ்ட் சுவிட்சை அழுத்தியதும் அலையின் பக்கங்கள் இன்னும் செங்குத்தாயின. உயரம் மட்டும் கூடவில்லை!

காரணம், மாணவர் பூஸ்ட் கட்டத்தை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்திருந்தார். டிஸ்டார்ஷனின் வேலையை, “1-ஐத் தாண்டும் எண்ணை 1 என்றே எழுது” என்னும் விதியாகக் கொள்ளுங்கள். (உண்மைப் பெட்டியில் இந்த வெட்டு சற்று வளைவாக இருக்கும், தத்துவம் ஒன்றே.) இப்போது 0.5, 3, 4 என்னும் மூன்று எண்களை அனுப்புவோம்.

பூஸ்ட் இல்லாதபோது: 0.5, 1, 1.

பூஸ்ட் முன்னால் இருந்தால்: முதலில் 1, 6, 8 ஆகும், பின் வெட்டுப்பட்டு 1, 1, 1 ஆகும்.

பூஸ்ட் பின்னால் இருந்தால்: முதலில் 0.5, 1, 1 ஆகும். பின் இரட்டித்து 1, 2, 2 ஆகும்.

முன்னால் பெருக்கியபோது உச்சம் 1-ஐத் தாண்டவே இல்லை. அலை சதுர வடிவை நெருங்கியது, மேற்சுரங்கள் பெருகின. அதைத்தான் நம் மாணவர் கரகரப்பு என்று கேட்டார். பின்னால் பெருக்கியபோதுதான் ஒலி உண்மையில் உயர்ந்தது. கட்டத்தை இடம் மாற்றினோம். திரையில் அலையின் உயரம் இரட்டித்தது.

டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்றால், டிலேக்கும் பின்னால் வைக்கலாமா? வைத்தால், பூஸ்டை நிறுத்தியவுடன், ஒலித்துக்கொண்டிருக்கும் எதிரொலியும் சட்டென்று தாழ்ந்துவிடும். ஆகவே டிஸ்டார்ஷனுக்குப் பின், டிலேக்கு முன் என்பதே நல்ல இடம்.

உச்சிப் படியில் நிற்காதீர்கள்

இன்னொரு பொறியும் உண்டு. டிஜிட்டல் எண்களுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. பல்லவிக்கான ஒலியையே அந்த வரம்பை ஒட்டி வைத்துவிட்டால், பூஸ்ட் போட்டதும் அலை மீண்டும் வெட்டுப்படும். ஏணியின் உச்சிப் படியில் நிற்பவர் மேலும் ஏறப் படி ஏது?

எனவே முதலில் சாதாரண ஒலியின் அளவை 6 டெசிபெல் தாழ்த்த வேண்டும். அந்தக் குறையை வெளியே மிக்சரிலோ ஆம்பிளிபயரிலோ ஈடுகட்டிக்கொள்ளலாம். இதனால் தரம் கெடுமா? 24 பிட் எண்ணில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருகிறது. மொத்தம் ஏறத்தாழ 144. அதில் 6 டெசிபெல் போனால், 24-இல் ஒரு பிட்டை விட்டுக்கொடுத்ததாகும். அவ்வளவுதான்.

அழைப்பு மணியா, விளக்கா?

கால் சுவிட்சுக்கு இரு வகை நடத்தை உண்டு. ஒன்று வீட்டு அழைப்பு மணி போன்றது. அழுத்தியிருக்கும் வரைதான் வேலை செய்யும். மற்றது விளக்குச் சுவிட்சு போன்றது. ஒரு முறை தட்டினால் எரியும், மறுமுறை தட்டினால் அணையும். இடையிசை முழுவதும் ஒற்றைக் காலில் நிற்க முடியாதல்லவா? ஆகவே இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ் ஜிடி-1 போன்ற பெட்டிகளில் ஒரு சுவிட்சை இந்த வேலைக்கென்று ஒதுக்கிக்கொள்ள இயலும். பூஸ்டுக்காக வேறொரு ஒலியமைப்புக்கே தாவுவதும் ஒரு வழிதான். ஆனால் சில பெட்டிகளில் தாவும் நேரத்தில் ஒலி நொடிப்பொழுது அறுந்துபோகும். அதே அமைப்பில் ஒரு கட்டத்தை மட்டும் இயக்குவது மேல்.

அளவை வீட்டில் தனியாக முடிவு செய்யாதீர்கள். குழு முழுவதும் வாசிக்கும்போது 3 டெசிபெல்லில் தொடங்கி, தேவைப்பட்டால் 6 வரை ஏற்றிப் பாருங்கள். 6 டெசிபெல்லுக்கு ஒலியழுத்தம் 2 மடங்கானாலும் காதுக்கு 2 மடங்காகத் தோன்றாது. அப்படித் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். ஆனால் 6 டெசிபெல் வேறுபாட்டைக் கூட்டத்தின் கடைசியில் நிற்பவரும் உணர்வார்.

போட்டி போட்டு ஏற்றினால் என்ன ஆகும்? கிட்டார் ஏற, கீபோர்டு ஏற, தபேலா ஏற, கடைசியில் யாரும் முன்னே வந்ததாகாது. காதுகள் மட்டும் கெடும். 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பணியிடங்களுக்கான ஒரு பாதுகாப்பு வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி. 91-இல் 2 மணி. 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. 6 டெசிபெல் ஏற்றினால் காதுக்குப் பாதுகாப்பான நேரம் நான்கில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த கச்சேரி முடிந்த மறுநாள் மாணவர் சிரித்த முகத்துடன் வந்தார். “இந்தத் தடவை அம்மாவுக்குக் கேட்டிருக்கு சார்” என்றார். அவர் புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. ஒரு கட்டத்தை இடம் மாற்றினார். பாடகர் பாடும்போது தம் ஒலியைச் சற்று அடக்கி வைத்தார். ஏறுவதற்கு இடம் கிடைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள். வரைபடத் தாளில் உச்சம் 1 உள்ள சைன் அலை ஒன்றை வரையுங்கள். அதை 4-ஆல் பெருக்கி வரைந்து, 1-க்கு மேலும் -1-க்குக் கீழும் உள்ள பகுதிகளை வெட்டுங்கள். அடுத்து 8-ஆல் பெருக்கி அவ்வாறே வெட்டுங்கள். இரண்டு படங்களின் உயரமும் ஒன்றே. வேறுபாடு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால், அலைநோக்கி இல்லாமலே எங்கள் ஆய்வுக்கூடச் சோதனையை நீங்கள் முடித்துவிட்டீர்கள்!