கட்டடத் தரவுக்கான கருவி விளக்கங்கள்: செயற்கை நுண்ணறிவு முகவர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கட்டடங்களின் உணரிகளும் மின்னளவிகளும் தரும் தரவைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் கருவிகளின் வழியே பெறுகின்றன. எக்கருவியை எப்போது அழைப்பது என்பதைக் கருவியின் பெயரையும் விளக்கத்தையும் கொண்டே முகவர் முடிவு செய்கிறது. அவ்விளக்கங்களில் நேரும் பிழைகளை நன்னூல் கூறும் நூற்குற்றங்களுள் மூன்றன் துணையோடு வகைப்படுத்தி, அவற்றைக் களையும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருவி விளக்கம், முகவர், கட்டடத் தரவு, உணரி, நூற்குற்றம்

முன்னுரை

பெரிய கட்டடங்களில் குளிரூட்டல், விளக்கு, மின்னளவி ஆகியன கணினி வலையில் இணைந்துள்ளன. அவை தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படும் பேக்நெட் நெறிமுறை 1995இல் வெளியானது. அறை, சுவர், தளம் ஆகியவற்றின் விவரங்களைப் பரிமாறும் ஐ.எஃப்.சி. வடிவம் 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. இத்தகைய தரவை மொழி மாதிரிகளோடு இணைக்கும் பொது வழிகளுள் ஒன்று, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் ஆகும்.

இந்நெறிமுறையின்படி, ஒவ்வொரு கருவியின் பெயரும் விளக்கமும் உள்ளீட்டு அமைப்பும் மாதிரிக்குத் தரப்படுகின்றன. கருவியின் உள்ளே இயங்கும் நிரலை மாதிரி காண்பதில்லை. எனவே, நிரலாளருக்குத் தெரிந்திருந்தும் விளக்கத்தில் எழுதப்படாத செய்தி முகவரைச் சென்றடைவதில்லை. ஐயம் எழுந்தால் மாணவர் ஆசிரியரை வினவுவர். முகவரோ பெரும்பாலும் ஊகித்து மேற்செல்லும். அவ்வாறு ஊகித்த விடையும் சரியான விடையைப் போன்றே தெளிவான நடையில் அமைவதால் பிழை எளிதில் புலப்படாது.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றங்களைப் பத்து என வகுக்கிறது. அவற்றுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல், மிகைபடக் கூறல் ஆகிய மூன்றும் கருவி விளக்கங்களுக்கு நேரே பொருந்துவன.

குன்றக் கூறல்

"மின்பயன்பாட்டைத் தரும்" என்பது ஒரு கருவியின் விளக்கம் எனக் கொள்வோம். தரப்படுவது கிலோவாட்டில் அமைந்த திறனா, கிலோவாட் மணியில் அமைந்த ஆற்றலா என்பது அதில் இல்லை. 15 நிமிடத்திற்கு ஒருமுறை 40 கிலோவாட் எனப் பதிவான நான்கு அளவுகளை முகவர் கூட்டினால் 160 என வரும். அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையில் செலவானது 40 யூனிட் மட்டுமே. பிழை நான்கு மடங்காகிறது.

நேரமும் இத்தகையதே. இந்திய நேரம் காலை 9.00 மணி என்பது உலகப் பொது நேரப்படி 3.30 ஆகும். எந்த நேரம் எனக் கூறாவிடில், ஒரு நாளுக்குரிய மின்செலவின் ஒரு பகுதி வேறொரு நாளின் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

மயங்க வைத்தல்

உணரி அளந்த வெப்பநிலை வேறு. அறைக்கு விதிக்கப்பட்ட இலக்கு வெப்பநிலை வேறு. கட்டடத் தரவை வகைப்படுத்தும் பிரிக் திட்டவரைவு இவ்விரண்டையும் தனித்தனி வகைகளாகவே வைத்துள்ளது. விளக்கம் இரண்டையும் "வெப்பநிலை" என்றே சுட்டினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். "முதல் தளம்" என்பது இந்திய வழக்கில் தரைத்தளத்திற்கு மேலுள்ளது; அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் தரைத்தளமே. ஐ.எஃப்.சி. தரவில் ஓர் அறைக்கு மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு என இரண்டும் இடம்பெறலாம். இவற்றுள் எது கருதப்பட்டது என்பதை விளக்கம் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும்.

மிகைபடக் கூறல்

குறையை நீக்க எண்ணி எல்லாவற்றையும் எழுதுவதும் குற்றமே. அட்டவணைகளின் பெயர், நிரலின் வரலாறு போன்றவை முகவரின் தேர்வுக்கு உதவா. பல கருவிகளின் நீண்ட விளக்கங்கள் ஒருங்கே சேரும்போது, தேவையான வரி அவற்றுள் புதைந்துவிடும். முகவரின் முடிவை மாற்றாத வரியை நீக்கிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

"அறையின் வெப்பநிலைத் தரவைத் தரும்" என்னும் விளக்கத்தைப் பின்வருமாறு திருத்தலாம்:

"ஓர் அறையில் உணரி கடைசியாக அளந்த காற்று வெப்பநிலையைச் செல்சியஸ் அலகில் தரும். இலக்கு வெப்பநிலையை அறிய இதனைப் பயன்படுத்தற்க. அதற்கு 'இலக்கைப் படி' என்னும் கருவியை அழைக்க. உள்ளீடு அறையின் அடையாள எண். அது தெரியாவிடில் முதலில் 'அறையைத் தேடு' கருவியை அழைக்க. அளந்த நேரம் இந்திய நேரத்தில் வரும். உணரி 30 நிமிடத்திற்கு மேல் செய்தி அனுப்பாதிருப்பின் மதிப்பு வெறுமையாக வரும்; அதனைச் சுழியம் எனக் கொள்ளற்க."

கருவி தருவது யாது, எப்போது பயன்படாது, உள்ளீட்டை எங்கிருந்து பெறுவது, வெறுமையின் பொருள் யாது ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன. இறுதி வரி இன்றியமையாதது. பழுதான உணரியின் மௌனத்தைச் சுழியமாகக் கொண்டால், வெப்பமான அறையும் குளிர்ந்த அறையாகக் கணக்கிடப்படும்.

எழுதும் கருவிகள்

தரவைப் படிக்கும் கருவி தவறினால் விடை பிழையாகும்; கட்டளை எழுதும் கருவி தவறினால் கட்டடமே பிழையாக இயங்கும். பேக்நெட்டில் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமை நிலைகள் உள்ளன. 1 மிக உயர்ந்தது. மனித இயக்குநருக்குரிய 8ஆம் நிலையில் முகவர் ஒரு மதிப்பை எழுதி விடுவிக்காமல் விட்டால், அதனினும் தாழ்ந்த நிலையில் வரும் இரவு நேர அட்டவணை செயற்படாது. ஆகவே எந்நிலையில் எழுதப்படும், எவ்வளவு நேரம் நீடிக்கும், எவ்வாறு விடுவிப்பது என்பவற்றை விளக்கம் கூறவேண்டும்.

எனினும் விளக்கம் வேலி ஆகாது. "18 செல்சியசுக்குக் கீழ் எழுதற்க" என்பது அறிவுரை மட்டுமே. அவ்வெல்லையை மீறும் கட்டளையை மறுக்கும் பொறுப்பு நிரலுக்கே உரியது.

முடிவுரை

விளக்கத்தின் தரத்தைச் சோதித்தே அறியலாம். கட்டடப் பொறுப்பாளர்கள் அன்றாடம் கேட்கும் வினாக்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் முகவர் எக்கருவியை எவ்வுள்ளீட்டோடு அழைக்கிறது எனப் பதிவு செய்தல் வேண்டும். தேர்வு தவறினால் வினாவை மாற்றாது விளக்கத்தைத் திருத்தி மீண்டும் சோதிக்கவேண்டும். உரைத்தெளிவைக் குறித்து இலக்கணம் வகுத்த பழைய அளவுகோல்கள், எதிர்வினா எழுப்பாது செயலில் இறங்கும் இப்புதிய வாசகர்க்கும் பொருந்துகின்றன. எனவே கருவி விளக்கம் எழுதும் பணியில் பொறியாளரோடு மொழியறிஞரும் பங்குகொள்ளுதல் பயன் தரும்.